துப்பறியும் தலைவியும் வழுவமைதியும்

சொல்லிலக்கணம் கண்ட நம் ஆசிரியர், சொற்கள் இயங்கும் நெறியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வைத்து ஆராய்ந்தனர். இலக்கணத்தோடு முற்றும் பொருந்தியது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததேனும் ஒரு காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. தன் வீட்டுப் பசுவை அன்பு மிகுதியால் தாயெனக் கூறி உயர்திணை முடிபு கொடுத்துப் பேசும் உழவனை இலக்கணம் கடிவதில்லை. உவப்பு என்னும் காரணம் அவ்வழுவைத் தாங்கி நிற்கின்றது. இக்கோட்பாட்டைச் சொல்லளவில் நிறுத்தாது கதைமாந்தர் இயல்புக்கும் கொண்டு செலுத்தினால், இக்காலத் திறனாய்வில் அடிக்கடி எழும் வினா ஒன்றுக்கு நம் மரபின் வழியே விடை தேட இடம் உண்டாகும். குறையுடைய ஒருத்தி படிப்போர் நெஞ்சில் எவ்வாறு இடம் பெறுகின்றாள்? குறை இருந்தும் விரும்பப்படுகின்றாளா, அன்றிக் குறையினாலேயே விரும்பப்படுகின்றாளா?

துப்பறியும் புனைகதையில் வரும் பெண்ணை முன்னிறுத்தி இதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். துப்பறியும் கதைகளுக்குப் பல்கலைக்கழக ஏட்டில் இடம் எதற்கு என்று முகஞ் சுளிப்பாரும் உளர். நூறாண்டுக்கு மேலாகத் தமிழ் மக்கள் விரும்பிப் படித்த இலக்கிய வகையை ஒதுக்குவோர், அம்மக்கள் எதனைக் குற்றமென்று எண்ணினர், யாரைக் குற்றவாளியென்று ஐயுற்றனர் என்பதை அறியும் வாயிலையும் உடன் அடைத்து விடுகின்றனர். இக்கட்டுரைக்கு மற்றொரு நோக்கமும் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரை, நம் குற்றக் கதைகளிலும் திரைப்படங்களிலும் குற்றம் பிறக்கும் இடமாக மிகுதியும் காட்டப்பெற்றது; குற்றத்தை ஆராயும் அறிவு பிறக்கும் இடமாகக் காட்டப்பெற்றது அரிது. பெண்ணுக்கு நேர்ந்ததும் அந்நிலத்துக்கு நேர்ந்ததும் ஒரே குறைபாட்டின் இரு கூறுகள் என்பது என் கருத்து.

பெயரளவில் நின்ற பெண்

பண்டித நடேச சாஸ்திரியார் 1894 இல் வெளியிட்ட தானவன் கதைகள் தமிழில் துப்பறியும் கதைக்குத் தோற்றுவாய் செய்தன என்பர். அதன்பின் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908 இல் தோன்றிப் பல பதிப்புக் கண்டது, மேடையேறியது, திரைப்படமும் ஆயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் இவ்வகையை வளர்த்தனர். இந்நாவல்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாக நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். இராஜாம்பாள், சந்திரகாந்தா, மேனகா எனப் பெண்பெயர்களே முன் நிற்கின்றன. ஆனால் உள்ளே நுழைந்தால் தேடும் அறிவு ஆடவனுடையது. ரங்கராஜுவின் கோவிந்தன் ஆராய்வான். வடுவூராரின் திகம்பர சாமியார் மாற்றுருக் கொள்வார். பெண் காணாமற் போவாள், கடத்தப்படுவாள், பழி சுமப்பாள், இறுதியில் மீட்கப்படுவாள். தலைப்பு அவளுடையது, வினை அவளுடையதன்று. இலக்கணம் பேசுவார் மொழியிற் சொன்னால், அவள் எழுவாய் போலத் தோன்றும் செயப்படுபொருள்.

பெண்ணைத் துப்பறிபவளாகப் படைக்க முடியாத காலம் அது என்று அமைதி கூறல் பொருந்தாது. இலண்டனில் 1864 ஆம் ஆண்டிலேயே, காவல்துறையிற் பெண்களே இல்லாதபோது, துப்பறியும் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட நூல்கள் இரண்டு வெளிவந்தன. வங்கத்தில் பிரபாவதி தேவி சரஸ்வதி, கிருஷ்ணா என்னும் இளம்பெண்ணைத் துப்பறிவோளாக வைத்துத் தொடர்ந்து எழுதினார். அங்கெல்லாம் கதை உலகியலுக்கு முன் ஓடியது. தமிழ்நாட்டுக் காவல்துறையிற் பெண்கள் 1973 இல் சேர்க்கப்பெற்றனர். சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992 இல் திறக்கப்பெற்றது. நம் கதையோ உலகியலுக்குப் பின்னே நடந்தது.

தோழியின் பொய்

வியப்பு யாதெனின், நம் பழைய இலக்கியத்தில் ஆராய்ந்தறியும் திறன் பெரிதும் பெண்ணிடமே வைக்கப்பெற்றிருந்தமையாகும். அகப்பாடல்களில் களவு என்பது மறைவுடைய ஒழுக்கம். மறைவு உள்ள இடத்தில் அதனை அறிவோரும் வேண்டும். தலைவன் குறையிரந்து நிற்பதை வைத்தும், தலைவியின் மெய்ப்பாட்டு வேறுபாடு கண்டும், இருவரும் ஒருங்கிருக்கும் நிலை நோக்கியும் தோழி உண்மையை உணர்கின்றாள். மதியுடம்பாடு என்று இதனைப் பெயரிட்டு வகைப்படுத்தினர். நெற்றியின் ஒளி வேறுபாடு, தோளின் மெலிவு, கண்ணின் கலக்கம் ஆகியனவே இங்குத் தடயங்கள். செவிலியும் இவற்றைக் காண்கின்றாள். கட்டுவிச்சி நெல்லை எண்ணிக் குறி கூறுகின்றாள். வேலனோ வெறியாடி, முருகன் அணங்கினான் என்று தவறான முடிபு கூறுகின்றான். ஆரவாரத்தோடு வந்த ஆடவன் பிழைபட, அமைதியாய் நின்ற தோழி உண்மை அறிந்திருக்கின்றாள் என்பதில் ஒரு நகையும் உண்டு.

ஆயினும் இங்குக் கருதற்பாலது தோழியின் அறிவன்று, அவளுடைய வழு. அவள் பொய் சொல்கின்றாள். அறத்தொடு நிற்கும் பகுதியில், தலைவன் பூக் கொடுத்தான் என்றும், ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டான் என்றும், களிற்றினின்று காத்தான் என்றும் படைத்து மொழிகின்றாள். அறிந்ததை உரிய காலம் வரை மறைக்கின்றாள், தலைவனை அலைக்கழிக்கின்றாள், தாயை ஏமாற்றுகின்றாள். இத்துணைப் பிழையும் செய்பவளை உரையாசிரியர் ஒருவரும் இழித்துப் பேசவில்லை. அவள் பொய், தலைவியின் கற்பும் உயிரும் காக்கும் பொய் ஆதலின் அமைதி பெற்றது. எனவே குறையுடைய, ஆயினும் விரும்பத்தக்க, ஆராய்ந்தறியும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். அவளை இழந்தது பின்னாளைய உரைநடைக் கதை.

கண்ணகியை ஈண்டுக் காட்டுவாரும் உளர். சிலம்பை உடைத்து, உள்ளிருந்தது முத்தன்று மாணிக்கம் என மெய்ப்பித்தவள் அவள். பருப்பொருட் சான்றால் அரசன் தீர்ப்பைப் புரட்டினாள் என்பதில் ஐயமில்லை. எனினும் அவள் வழக்குரைத்தவள்; தேடி அறிந்தவள் அல்லள். சிலம்பின் பரல் யாதென்பது அவளுக்கு முன்னரே தெரியும். மதுரையை எரித்ததைக் குறையென்று பேசுவதும் பொருந்தாது. அது வேறொரு நிலைக்களம். அவ்வுருவைத் துப்பறியும் கதையின் சட்டத்துள் அடைக்காமல் விடுவதே நன்று.

ஆடவர்க்கு மட்டும் அமைந்தது

தமிழ்க் குற்றக் கதை வழுவமைதியை அறியாததன்று. தேவன் ஆனந்த விகடனிற் படைத்த துப்பறியும் சாம்பு அதற்குச் சிறந்த சான்று. வங்கியிற் சிறுபணி பார்த்த, அசடு என்று பலரும் எண்ணிய ஒருவன், தற்செயலாகச் செய்வனவெல்லாம் துப்புத் துலக்கலாய் முடிகின்றன. உலகம் அவனை அறிஞனென்று கொண்டாடுகின்றது. ஆங்கிலத் துப்பறிவாளரின் பெருமித அறிவை நகையாடும் படைப்பு இது. சாம்புவை நாம் விரும்புவது அவன் குறையினாலேயே. குறையை நீக்கினால் சாம்பு இல்லை. சுஜாதாவின் வசந்தும் அவ்வாறே. பெண்களைக் கண்டவுடன் தடுமாறும் அவன் வாய்த்துடுக்கு, கணேஷின் நிதானத்தோடு சேர்ந்து படிப்போர்க்கு இன்பம் தந்தது. ஒருவன் அசடாகலாம், ஒருவன் சபலக்காரனாகலாம். படிப்போர் பொறுத்தனர், மகிழ்ந்தனர்.

பெண்ணுக்கு இவ்வுரிமை கிடைத்ததா? பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா, பரத்தோடு இணைந்து துப்பறிகின்றாள். சுபாவின் வைஜயந்தி நரேந்திரனோடு இணைந்து நிற்கின்றாள். ராஜேஷ்குமாரின் ரூபலா விவேக்கின் மனைவி. மூவரும் அறிவுடையவர், துணிவுடையவர். வைஜயந்தி அடிதடிக்கும் அஞ்சாதவள். ஆனால் மூவரும் ஓர் ஆடவன் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றனர். அவன் பெயரே முன்னர் வருகின்றது. சுசீலா என்றவுடன் படிப்போர் நினைவுக்கு வருவது அவள் தீர்த்த வழக்கன்று. அவள் பனியனில் எழுதியிருந்த வாசகம். இதனை ஆசிரியர் குறையாக மட்டும் சொல்வதற்கில்லை. மாதந்தோறும் வெளிவரும் மலிவுவிலை நாவலின் அட்டைக்கும் வேகத்துக்கும் ஏற்ற உரு அது. ஆயினும் அவ்வுருவில் பிழை செய்ய இடமில்லை. சுசீலா தவறான ஆளை ஐயுற்று, அதனால் ஒருவன் அல்லலுற்று, அப்பழியை நெஞ்சிற் சுமந்து அடுத்த கதைக்கு வருவதில்லை. கவர்ச்சியும் திறமையும் உடையவள் என்பதோடு அவள் இலக்கணம் முடிகின்றது. அது வழாநிலை, வழாநிலையில் உவப்புத் தோன்றலாம், ஈடுபாடு தோன்றல் அரிது.

சுதா குப்தா

இந்நிலையை மாற்றியவர் அம்பை. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ முதலிய தொகுதிகளாற் பெயர்பெற்ற அவர், 2014 இல் வெளியிட்ட ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ என்னும் நூலில் சுதா குப்தா என்னும் தமிழ்ப்பெண்ணைத் துப்பறிவோளாகப் படைத்தார். மும்பையில் வாழும் நடுவயதுக் குடும்பப் பெண் அவள். மணமகன், மணமகள் இவர்தம் பின்னணி ஆராய்தல் போன்ற சிறு வழக்குகளே அவளுக்கு நாள்தோறும் சோறிடுகின்றன. ஸ்டெல்லா என்னும் உதவியாளரும், கோவிந்த் ஷெல்கே என்னும் காவல் அதிகாரியும் அவளுக்குத் துணை. மூன்று நெடுங்கதைகள் கொண்ட அந்நூலில் துப்பாக்கியும் துரத்தலும் முதன்மை பெறவில்லை. குடும்பத்தின் உள்ளறையிற் புதைந்த துயரமே குற்றமாக வெளிப்படுகின்றது. அந்தேரி நிலையத்து மேம்பாலத்தில் வந்து அமரும் முதிய பெண், கொலையுண்ட உடலைவிடக் கனமான புதிராக நிற்கின்றாள்.

இந்நூலின் பெருமை, துப்பறிதலைக் கேட்டலாக மாற்றியது. பிறர் கதவைத் தட்டி உள்ளே சென்று அமர்ந்து, ஒரு வாய் தேநீர் பருகி, சொல்லப்படுவதையும் சொல்லாமல் விடப்படுவதையும் கேட்கும் முறை தோழியின் முறை. ஆணுக்குத் திறவாத கதவுகள் அவளுக்குத் திறக்கும். இவ்வகையில் அம்பை தமிழ்க் கதையை அதன் பழைய ஊற்றுக்குத் திருப்பினார் என்பேன்.

ஆனால் ஒன்று கூறுதல் வேண்டும். சுதா குப்தா நம் அன்பைப் பெறுகின்றாள், நம்மை அச்சுறுத்துவதில்லை. அவளை எண்ணி நாம் கவலையுறுவதில்லை. கணவன் புரிந்துகொள்பவன், உதவியாளர் திறமுடையவர், காவல்துறையிலும் நட்பு உண்டு. எல்லாப் பக்கமும் அணைவு பெற்ற ஒருத்தியின் இரக்கம் இனியதே. ஆயினும் அவ்விரக்கத்துக்கு அவள் கொடுக்கும் விலை சிறிது. அவளிடம் வழு என்று சுட்டத்தக்கது மிகக் குறைவு. அதுவே அவள் வழு என்று சொல்லத் தோன்றுகின்றது. வழுவாத ஆடவனுக்கு மாற்றாக வழுவாத பெண்ணை வைப்பதோடு வேலை முடியவில்லை.

தென் சிகாகோ

இக்குறையை உணர்த்துதற்கு அமெரிக்க ஆசிரியை சாரா பரெட்ஸ்கி படைத்த வி. ஐ. வார்ஷாவ்ஸ்கி என்னும் தலைவியை ஒப்புநோக்கலாம். 1982 இல் வந்த முதல் நாவலிலிருந்து தொடர்ந்து எழுதப்பெற்ற இவள், தனித்து இயங்கும் துப்பறிவோள், முன்னர் வழக்கறிஞர், மணமுறிவு பெற்றவள். தந்தை போலந்து வழிவந்த காவலர். தாய் இத்தாலியிலிருந்து புகல் தேடி வந்த பாடகி. பிறந்து வளர்ந்தது தென் சிகாகோ. எஃகாலைகளும் சரக்குத் துறைகளும் வேதித் தொழிற்கூடங்களும் ஏரிக்கரைச் சதுப்பும் சூழ்ந்த பகுதி அது. ஆலைகள் மூடப்பெற்று, மக்கள் வேலையிழந்து, நிலமும் நீரும் நஞ்சேறிய காலமே அவள் கதைகளின் பின்னணி. வடசென்னையை அறிந்தவர்க்கு இவ்வருணனை அயன்மை தோன்றாது.

அவள் குறைகள் பல. சினம் மூக்கின் நுனியில் நிற்கும். வீட்டிற் கழுவாத பாத்திரம் குவிந்து கிடக்கும். விஸ்கி பருகுவாள். உதவ வருவாரிடம் முறுகுவாள், தனியே செல்லாதே என்பாரைக் கேளாள், சென்று அடிபடுவாள். இவற்றைப் பட்டியலிட்டு, ஆகவே இவள் உண்மையான பெண் என்று முடிப்பது எளிய திறனாய்வு. பாத்திரம் கழுவாமை ஒரு பண்பாகாது. அது வெறும் அணி. தலைவிக்கு ஒரு குறை வைத்தல் வேண்டும் என்னும் வாய்பாட்டைப் பின்னாளில் பலர் எடுத்துக்கொண்டு மதுவையும் மணமுறிவையும் ஒட்டவைத்தனர். கதையிலிருந்து எடுத்துவிட்டால் கதை குலையாத குறை, குறையன்று. இவ்வளவைகொண்டு பரெட்ஸ்கியின் நாவலொன்றை நோக்குவோம்.

1988 இல் வெளிவந்து, அமெரிக்காவில் ‘பிளட் ஷாட்’ என்றும் இங்கிலாந்தில் ‘டாக்சிக் ஷாக்’ என்றும் பெயர்பெற்ற நாவலில், வார்ஷாவ்ஸ்கி தன் பழைய பள்ளியின் கூடைப்பந்து அணியினர் ஒன்றுகூடும் நிகழ்ச்சிக்காகத் தென் சிகாகோவுக்குத் திரும்புகின்றாள். பக்கத்து வீட்டில் வளர்ந்த கரோலின் என்னும் பெண், தன் தந்தை யாரென்று கண்டறிந்து தருமாறு கேட்கின்றாள். கரோலினின் தாய் லூயிசா, வேதித் தொழிற்கூடமொன்றில் உழைத்து, இன்று சிறுநீரகம் கெட்டுச் சாவை நோக்கிக் கிடப்பவள். தந்தையைத் தேடிப் புறப்பட்ட தேடல் அத்தொழிற்கூடத்தின் வாயிலுக்குக் கொண்டு செல்கின்றது. தொழிலாளர் குருதியை ஆண்டுதோறும் சோதித்துக் குறித்து வைத்தும் அவர்க்கு ஒன்றும் கூறாத நிறுவனத்தின் செயல் வெளிப்படுகின்றது. இடையில் கரோலினே தேடலை நிறுத்தச் சொல்கின்றாள். வார்ஷாவ்ஸ்கி நிறுத்தவில்லை. பழைய தோழி ஒருத்தி கொலையுண்டு சதுப்புக் குளத்திற் கிடக்கின்றாள். பின்னர் வார்ஷாவ்ஸ்கியையும் அக்குளத்திலேயே கொண்டுபோய் எறிகின்றனர். அரிதின் உயிர் தப்புகின்றாள்.

இங்கு அவளுடைய பிடிவாதத்தை எடுத்துவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். கேட்டவளே வேண்டாமென்ற பின்னும் தேடுவது அறமா? அவ்வுண்மை வெளிவந்தபோது அது கரோலினுக்கு இன்பம் தரவில்லை. பிடிவாதம் உண்மையையும் கொணர்ந்தது, புண்ணையும் ஆக்கியது. இதுவே வழுவமைதியின் நுட்பம்: வழு நீங்கிவிடுவதில்லை, வழுவாகவே நின்று காரணத்தால் ஏற்கப்படுகின்றது. தோழியின் பொய் அமைதி பெறினும் மெய்யாகிவிடாதது போல என்க.

இதனினும் ஆழ்ந்த குறை மற்றொன்று உண்டு. வார்ஷாவ்ஸ்கி அவ்வூரை விட்டுப் போனவள். உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகம் சென்று, சட்டம் பயின்று, நகரின் வடபகுதியிற் குடியேறியவள். லூயிசாவும் கரோலினும் அங்கேயே தங்கினர். கரோலின் அவளிடம் பேசும் ஒவ்வொரு சொல்லிலும், நீ போய்விட்டாய் என்னும் குற்றச்சாட்டு உள்ளுறையாக ஒலிக்கின்றது. அவள் சினத்துக்கும் பிடிவாதத்துக்கும் வேர் அங்கே இருக்கின்றது. விட்டுச் சென்ற கடனை அடைக்க வந்தவள், கடன் கொடுத்தவளே வேண்டாமென்றாலும் அடைக்காமற் போகமாட்டாள். இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பிறந்து, கல்வியால் தெற்கே குடிபெயர்ந்த மாணவர் எவரும் இப்பகுதியை ஆறுதலோடு படிக்க இயலாது.

இத்தொடரிலும் தளர்ச்சி உண்டு. நாவல்தோறும் தலைவி அடிபட்டு எழுவது ஒரு சடங்காகிவிட்டது. அண்டை வீட்டு முதியவரின் நகைச்சுவை ஒரே தாளத்தில் ஒலிக்கின்றது. இவற்றை நல்ல வாசகர் தாமே உணர்வர்.

இராயபுரமும் எண்ணூரும்

இனி நம் கரைக்கு வருவோம். 1952 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தென்னாட்டு இருப்புப்பாதையில் ஓடிய போட் மெயில் வண்டியில், மானாமதுரையில், தலையில்லா உடல் அடங்கிய பெட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சென்னையில் அத்தலை இராயபுரம் கடற்கரை மணலிற் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று நாடெங்கும் பேசப்பெற்ற இவ்வழக்கு, மறுவருடம் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் முன் நடந்தது. அவர் ஆங்கிலத்தில் நாடகமும் நாவலும் எழுதியவர் என்பதும் நினைக்கத்தக்கது. பிணக்கூறு ஆய்வின் திறனையும் காவல்துறையின் விரைவையும் இவ்வழக்கை எழுதியோர் பெரிதும் பாராட்டினர். ஆனால், காணாமற்போன கணவனைத் தேடிக் கடைக்கும், பின்னர் இராயபுரத்து வீட்டுக்கும் சென்று வினவியவள் அவன் மனைவி என்றும் அவர்களே குறித்துள்ளனர். அக்குறிப்பு ஒரு தொடரளவில் நின்றுவிடுகின்றது. கணவன் எத்தகையவன் என்பதை அறிந்திருந்தும் தேடிப்போன ஒருத்தி, அவ்வீட்டு வாயிலில் நின்று ஆடவனொருவன் கூறிய மறுப்பைக் கேட்டபோது எதனை நோக்கினாள், எதனை நம்பவில்லை என்பதே துப்பறியும் கதைக்குரிய நெஞ்சு. தமிழ்க் கதை மணலில் புதைந்த தலையை நோக்கியது. வாயிலில் நின்றவளை நோக்கவில்லை.

திருவொற்றியூரின் பழைய வரலாற்றிலும் இவ்வாயிற்காட்சி உண்டு. சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுறவேண்டிய சுந்தரர், சூளுரைக்கும்போது சந்நிதியை நீங்கி மகிழின்கீழ் இருக்குமாறு இறைவனை முன்னரே வேண்டிக்கொள்கின்றார். இறைவனோ அம்மறையைச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்திவிடுகின்றான். மறுநாள் தோழியர், மகிழின்கீழ்ச் சூளுரைத்தால் போதும் என்கின்றனர். பக்திப் பெருக்கில் நாம் இதன் கதைப்பின்னலை நோக்குவதில்லை. ஆடவன் செய்த சூழ்ச்சியின் தப்பும் வழியை, செய்தி முன்னறிந்த பெண் அமைதியாக அடைத்துவிடுகின்றாள். சேக்கிழாரை இங்கு இழுத்தமைக்குப் பெரியோர் பொறுப்பாராக. ஒற்றியூர் மகளிர்க்கு ஆராய்வு புதிதன்று என்று காட்டவே கூறினேன்.

திணைக் கோட்பாட்டின்படி நோக்கின், இக்கரை நெய்தல். ஆனால் அதன் முதற்பொருளும் கருப்பொருளும் நூற்றெழுபது ஆண்டுகளில் பெரிதும் மாறின. 1856 இல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் இருப்பூர்தி புறப்பட்டது. பின்னர் மோட்டார் சைக்கிள், டயர், உரம், எண்ணெய், அனல்மின் எனத் தொழில்கள் வடக்கு நோக்கி வளர்ந்தன. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம். எண்ணூரில் 2001 முதல் மற்றொரு பெருந்துறைமுகம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இன்றும் அது மாறவில்லை. இரங்கலின் காரணமே மாறியது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்திற் படிந்தது. அதே திங்கள் 26 ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தருகே குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இங்கே குற்றம் எது? கொலைக்கதை தேடும் ஒற்றைக் கை இங்கு இல்லை. கத்தி ஏந்தியவனைத் தேடும் துப்பறிவாளன் இவ்வூருக்கு வந்தால் கத்தி ஏந்தியவனைக் கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவான். ‘மெட்ராஸ்’ (2014), ‘வட சென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகிய திரைப்படங்கள் இப்பகுதி மக்களை உள்ளிருந்து காட்ட முயன்றமை போற்றற்குரியது. ஆயினும் அவை ஆடவர் பகையும் ஆடவர் வீரமும் பற்றியன. குழாயிற் கசிந்ததையும், வலையில் மீன் குறைந்ததையும், பிள்ளை இரவில் இருமியதையும் ஒரு சேர வைத்து, இவை தொடர்புடையன என்று முதலில் ஐயுறுபவள் அடுப்படியிலும் மீன்கூடையருகிலும் இருப்பவள். லூயிசாவின் சிறுநீரகமும் குருதிக் குறிப்பேடும் தென் சிகாகோவில் ஒரு நாவலாயின. எண்ணூரில் அதற்கு நிகரான பொருள் கதையாசிரியரை நோக்கிக் காத்திருக்கின்றது.

அத்தகைய தலைவியை ஒருவர் படைப்பாராயின், அவளுக்கு எவ்வழு அமையும்? மதுவும் மணமுறிவும் இறக்குமதிச் சரக்கு. அவள் ஊர்ப்பஞ்சாயத்தில் ஒருவரோடு பகை கொண்டவளாக இருக்கலாம். வட்டிக்குக் கொடுத்தவளாகவும் இருக்கலாம். நிறுவனமொன்றில் தன் மகனுக்கு ஒப்பந்த வேலை கிடைத்ததால், அறிந்த செய்தியைச் சில திங்கள் வாய்திறவாது மறைத்தவளாக இருந்தால், அக்குறை கதையின் எலும்பிலே பதிந்திருக்கும். தோழியும் அறிந்ததை மறைத்தவளே. ஆனால் தோழி காத்தது தலைவியை. இவள் காத்தது கூலியை. அம்மறைப்புக்கு அமைதி உண்டா, இல்லையா என்பதை இலக்கணம் முன்னரே சொல்லிவிட இயலாது. கதைதான் சொல்ல வேண்டும்.

இதனோடு மொழிச்சிக்கல் ஒன்றும் உண்டு, அது சிறிதன்று. நம் குற்றக் கதைகளில் துப்பறிபவர் படித்தோர் பேச்சிலும், அடியாளும் கள்வனும் சென்னைப் பேச்சிலும் பேசுவது எழுதா மரபாகிவிட்டது. வடசென்னைப் பேச்சு குற்றத்துக்கும் நகைக்கும் உரியதாக ஒதுக்கப்பெற்றது. அம்மொழியிலேயே எண்ணி, ஐயுற்று, முடிபு காணும் ஒரு தலைவியை எழுதினால், முதற்பக்கத்திலேயே மரபுவழு என்று சிலர் கூறுவர். வழக்கையும் செய்யுளையும் ஒருங்கு வைத்து இலக்கணம் கண்ட தொல்காப்பியர் அவ்வாறு கூறியிரார். காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்கு வந்து நிற்கும் மகளிர், எந்தப் படகு திரும்பியது, எது திரும்பவில்லை, எவன் கடன் கட்டாமல் வேறு துறைக்குப் போனான் என்பதை அறிவர். காணாமற்போன ஒருவனைப் பற்றி அவர்களிடம் வினவ வருபவள் மயிலாப்பூர்ப் பேச்சில் வினவினால் பெறும் விடை ஒன்று. ‘இன்னாக்கா’ என்று தொடங்கிக் கூடையருகே குந்தினால் பெறும் விடை வேறு.